ஐகாம் ஐசி-7300: புல்தரையில் மூன்று ஜூன் மாதங்கள்

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்று ஆர்வத்துக்காக ரேடியோ அலைகளில் பேசிக்கொள்பவர்கள், ஒலிபரப்பவும் கேட்கவும் பயன்படுத்தும் ஐகாம் ஐசி-7300 என்ற கருவி பற்றிய மதிப்புரைகளுக்குப் பஞ்சமே இல்லை. 2016-இல் விற்பனைக்கு வந்த நாள் முதலாக அதை மேசைமேல் வைத்து அளந்தவர்களும், மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர்களும், பழைய கருவிகளோடு ஒப்பிட்டவர்களும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை வீட்டு அறையில், சுவர் மின்சாரத்தில், ஒரே ஒரு ஆன்டெனாவோடு பார்த்த பார்வை. நான் எழுத வந்தது வேறு. மத்திய நியூ ஜெர்சியில் நான் உறுப்பினராக உள்ள ஹாம் ரேடியோ சங்கத்திடம் இக்கருவிகள் இரண்டு இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியை அவை சங்கத்து அலமாரியில் கழித்துவிட்டு மாதக் கூட்டத்துக்கு மட்டும் வெளியே வரும். ஜூன் பிறந்துவிட்டால் அவற்றுக்கு வேறு பிழைப்பு. ஃபீல்டு டே அன்று பூங்காவின் புல்தரையில், கூடார நிழலில், பேட்டரியை மட்டும் நம்பி, அதுவரை ரேடியோவைத் தொட்டே அறியாதவர்களின் கைகளில் ஒரு பகலும் ஓர் இரவும் அவை ஓடியாக வேண்டும். அந்த ஒரு வேலைக்கு இக்கருவி தகுமா என்பதைத்தான் மூன்று ஆண்டுப் பழக்கத்தை வைத்துச் சொல்லப் போகிறேன்.

ஃபீல்டு டே என்பது அமெரிக்க ஹாம்களின் ஆண்டுத் திருவிழா. ஏ.ஆர்.ஆர்.எல். எனப்படும் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் 1933-இல் தொடங்கிய இந்நிகழ்வு, இப்போது ஜூன் மாதத்தின் நான்காவது முழு வார இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கிறது. உலக நேரப்படி சனிக்கிழமை 18:00 மணிக்கு, அதாவது எங்கள் கடிகாரத்தில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி, ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது முடியும். அந்த 27 மணி நேரத்துக்குள், முன்னதாகவே கூடாரமடித்து ஆன்டெனா கட்டி வைத்தவர்கள் தொடர்ச்சியாக 24 மணி நேரம் மட்டுமே இயங்கலாம். எத்தனை நிலையங்களோடு முடியுமோ அத்தனையோடு தொடர்பு கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொடர்பிலும் இரு தரப்பும் தத்தம் அழைப்புக்குறியோடு வகுப்பையும் பகுதியையும் சொல்ல வேண்டும். எங்களுடையது “டூ ஆல்ஃபா, நார்தர்ன் நியூ ஜெர்சி”. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் ஒலிபரப்பும் திறந்தவெளி நிலையம் என்பது ‘டூ ஆல்ஃபா’வின் பொருள்; மற்றது ஏ.ஆர்.ஆர்.எல். வகுத்த பகுதியின் பெயர். குரல் தொடர்புக்கு 1 புள்ளி, மோர்ஸுக்கும் டிஜிட்டலுக்கும் 2 புள்ளிகள். 100 வாட்டுக்கு மேல் போகாதிருந்தால் இந்தத் தொடர்புப் புள்ளிகளின் மொத்தம் இரண்டால் பெருக்கப்படும். இதைப் போட்டி என்று ஏ.ஆர்.ஆர்.எல். சொல்வதில்லை. ஆனால், முடிவுகள் வெளியானதும் பக்கத்து ஊர்ச் சங்கத்தின் புள்ளியை முதலில் தேடாத ஒரு சங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்களிடம் மூன்று கூடாரங்கள். மோர்ஸ் கூடாரத்தில் ஓர் உறுப்பினர் தம்முடைய சொந்த எலெக்ராஃப்ட் கே3 கருவியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். அதன் பக்கம் யாரும் போவதில்லை, போனாலும் அவர் தலையில் மாட்டிய ஹெட்ஃபோனைக் கழற்றப் போவதில்லை. குரல் கூடாரத்தில் முதல் 7300. மூன்றாவது ‘கோட்டா’ கூடாரம்; ‘கெட் ஆன் தி ஏர்’ என்பதன் சுருக்கம். உரிமம் இல்லாதவர்களும், அண்மையில் உரிமம் பெற்றவர்களும், உரிமம் வாங்கிவிட்டுப் பல ஆண்டுகளாக மைக்கைத் தொடாதவர்களும் பயிற்சி பெறுவதற்கென விதிகளே அனுமதிக்கும் கூடுதல் நிலையம் அது. வகுப்புக் கணக்கில் சேராது. அங்கே இரண்டாவது 7300. அந்தக் கூடாரத்தின் பொறுப்பு மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால், இந்த மதிப்புரை அதன் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்.

நான் முதன்முதலில் ஒலிபரப்பியது பொறியியல் கல்லூரி நாட்களில் பற்றவைத்த பிட்எக்ஸ் கருவியில். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து, எவரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்ட அந்தச் சிறு கருவி, இந்தியாவில் ஒரு தலைமுறையையே சாலிடரிங் அயர்னைப் பிடிக்க வைத்தது. என்னுடையதில் எண்காட்டி கிடையாது. குமிழைச் சுற்றி ஒரு காகிதத்தில் நானே குறித்துவைத்த கோடுகள்தாம் வழிகாட்டி. யாராவது பேசுகிறார்களா என்பதை அறிய, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு சுவிட்சைத் தேடுவதைப் போலக் குமிழை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அந்தப் பழக்கத்தோடு வந்தவனுக்கு 7300-இன் திரை என்ன செய்யும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கருவியின் முகப்பில் 4.3 அங்குலத் தொடுதிரை இருக்கிறது. ஆன்டெனாவில் வந்து விழும் அலைகளை நேரடியாக எண்களாக மாற்றிவிடும் வகைக் கருவி என்பதால், நாம் ஓர் அதிர்வெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் இரு பக்கமும் நடப்பதைத் திரையில் வரைந்து காட்டுகிறது. மேல்பாதியில் துடிக்கும் கோடு. அதற்குக் கீழே, ஹாம்கள் ‘வாட்டர்ஃபால்’ என்று சொல்லும் வண்ணப்பட்டை மேலிருந்து கீழாக வழிந்துகொண்டே இருக்கும். ஒருவர் பேசத் தொடங்கினால் நீலப் பரப்பில் வெளிர்நிறப் பட்டை ஒன்று முளைக்கும்; மூச்சுவிட நிறுத்தினால் பட்டையிலும் இடைவெளி விழும். மோர்ஸ் அனுப்புபவர் மெல்லிய தையல் போலத் தெரிவார். ஹாம்களுக்கான அதிர்வெண் வரம்புகளை, அதாவது பேண்டுகளை, அலைநீளத்தைக் கொண்டு 20 மீட்டர், 40 மீட்டர் என்று அழைப்போம். ஃபீல்டு டே சனிக்கிழமை மாலையில் 20 மீட்டர் பேண்டைத் திறந்தால், ஜமக்காளம் விரித்தது போலத் திரையின் ஓரம் முதல் ஓரம் வரை பட்டைகள்தாம்.

இரண்டாம் ஆண்டில், பூங்காவுக்கு மாலை நடை வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று எங்கள் பதாகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. சென்னையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த பாட்டி, நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒலிபெருக்கியைக் காட்டிக் கேட்டார்: “இதுல யாருப்பா பேசறது?”

“கனடாவுல ஒருத்தர் பேசறார், பாட்டி.”

“உனக்குத் தெரிஞ்சவரா?”

“இல்ல.”

“தெரியாதவங்ககிட்ட அப்படி என்னப்பா பேச்சு? அதான் கையில போன் இருக்கே.”

ஏ.ஆர்.ஆர்.எல். அச்சிட்டுத் தரும் விளக்கத்தாள்கள் எதிலும் இக்கேள்விக்கு இவ்வளவு நேரான வடிவம் கிடையாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேருக்குப் போய் நிலையம் அமைத்திருந்ததையும், 26-ஆம் தேதி சுனாமி அடித்துத் தொலைபேசிகள் செயலிழந்தபோது அந்தக் குழு விளையாட்டை நிறுத்திவிட்டு அந்தமானிலிருந்து செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பாட்டிக்குச் சுனாமி நினைவிருந்தது. அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் அவருடைய பேத்தி, பதினோரு வயது இருக்கும், திரையில் தடித்திருந்த ஒரு பட்டையின்மேல் விரலை வைத்துவிட்டாள். முதல் தொடுகையில் அந்தப் பகுதி பெரிதானது. மறுபடி தொட்டதும் கருவி அங்கேயே போய் நின்றது. ஒஹாயோவிலிருந்து ஒரு முதியவர் அழைத்துக்கொண்டிருந்தார். மைக்கைக் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி முன்னால் வைத்தேன். உரிமம் பெற்ற ஒருவர் அருகிலிருந்து கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டால் உரிமம் இல்லாதவர் பேசலாம் என்பது இங்குள்ள விதி. அவள் சொன்னாள், அவர் கேட்டார், நன்றி சொல்லி அனுப்பினார். உள்ளே வந்ததிலிருந்து முதல் தொடர்பு வரை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எண்காட்டியும் குமிழும் மட்டுமே இருந்த பழைய கருவியை அந்தக் கூடாரத்தில் வைத்திருந்த காலத்தில், எதைத் தேடுகிறோம் என்று புரியவைப்பதற்கே அந்த நேரம் போய்விடும். பிள்ளைகள் அதற்குள் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்துவிடுவார்கள்.

இதற்காக முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய சில அமைப்புகள் உண்டு. திரையை ‘ஃபிக்ஸ்டு’ முறைக்கு மாற்றி, ஓரங்களை 14.225 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை என்று நிறுத்திவிடுகிறேன். அமெரிக்காவில் ‘ஜெனரல்’ எனப்படும் நடுநிலை உரிமம் உள்ளவர் 20 மீட்டரில் குரலில் பேசக்கூடிய எல்லை அது. திரையில் தெரிவதை மட்டும் தொடுகிற வரை விருந்தினரின் விரல் வேலி தாண்டாது. 40 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் அதைப் போலவே தனித்தனி எல்லைகளைப் பதிந்துவைக்கலாம். மெனுக்கள் ஆழமாக இருந்தாலும் தொலைந்துபோகிற அளவுக்கு இல்லை; எல்லா அமைப்புகளையும் எஸ்டி அட்டையில் சேமித்து, யாராவது எதையாவது கலைத்துவிட்டால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்பது கோட்டா பொறுப்பாளனின் நிம்மதி. எஸ்டி அட்டை கருவியோடு வராது. மறக்காமல் வாங்கிப் போட வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் குரல் பதிவும் இல்லை.

குரல் பதிவின் அருமை இரவில்தான் தெரியும். எட்டு நினைவகங்களில் நம் குரலைப் பதிந்துகொண்டு, திரையிலுள்ள பொத்தானைத் தொட்டால் கருவியே “சிக்யூ ஃபீல்டு டே” என்று, கேட்பவர் எவரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பை விடுக்கத் தொடங்கும். பதிந்தவருக்கு நல்ல கணீரென்ற குரல். அவர் கூடாரத்தின் பின்னால் படுக்கைப் பைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அதிகாலை மூன்று மணிக்கு அவருடைய குரல் உற்சாகம் குறையாமல் ஐந்தாறு மாநிலங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதில் வந்தபோது பேசியது என் தொண்டை. மறுமுனையில் இருந்தவர் என்ன நினைத்தாரோ.

இனிக் குறைக்கு வருகிறேன். சில மதிப்புரைகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. வீட்டில் ஒற்றை நிலையம் வைத்திருப்பவருக்கு அது போதும். பக்கத்திலேயே இன்னொரு ஒலிபரப்பி இயங்கும் இடத்தில் இக்கருவியை வைக்கப் போகிறவர் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதல் ஆண்டில் கோட்டா ஆன்டெனாவையும் குரல் கூடாரத்து ஆன்டெனாவையும் அடுத்தடுத்த இரண்டு ஓக் மரங்களில், பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டினோம். கட்டியவன் நான்தான். உண்டிவில்லால் எடையுடன் கூடிய நூலைக் கிளைக்குமேல் எய்வதில் எனக்கு நல்ல தேர்ச்சி. சிறுவயதில் மாங்காய் அடித்த கை. மரம் வாகாகக் கிடைத்த மகிழ்ச்சியில், இடைவெளியைப் பற்றி யோசிக்கவில்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்குக் குரல் கூடாரம் 40 மீட்டரில் முதல் அழைப்பை விடுத்ததும், 20 மீட்டரில் இருந்த எங்கள் திரை ஒரு நொடியில் வெளுத்தது. அத்தனை பட்டைகளும் மறைந்தன; மூலையில் ‘ஓவிஎஃப்’ (ஓவர்ஃப்ளோ, நிரம்பி வழிதல்) என்ற மூன்று எழுத்துகள் எரிந்தன; ஒலிபெருக்கியில் கரகரப்பு. அங்கே பேசியவர் மைக்கை விட்டதும் எல்லாம் திரும்பி வந்தன. அவர் மறுபடி பேசியதும் மறுபடி போயின. அடுத்த மூன்று மணி நேரம் நாங்கள் முறைவைத்துப் பேசிக்கொண்டோம்.

இது கருவி பழுதானதன் அடையாளம் அன்று. பழைய வகைக் கருவியில், நாம் கேட்கும் இடத்தைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டிவிடும் குறுகிய படிக வடிகட்டி முன்னாலேயே இருக்கும். 7300-இல் ஆன்டெனாவிலிருந்து வருவது, பதினைந்து அகலமான வடிகட்டிகளில் ஒன்றின் வழியாக மட்டும் கடந்து, நேராக எண்மாற்றியின் வாயில் விழுகிறது. எண்மாற்றிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. பன்னிரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து 100 வாட் அலை வந்து அந்த அளவைத் தாண்டிவிட்டால், அது எந்த பேண்டிலிருந்து வந்தாலும் சரி, நிரம்பி வழிகிற குடத்தைப் போல எண்மாற்றிக்கு எல்லா அலைகளுமே தப்பாகிவிடும். திரையில் அவ்வளவையும் ஒரே நேரத்தில் காட்டுவது எந்த அமைப்போ, அதே அமைப்பின் மறுபக்கம்தான் இது. ஆகவே இதை ஐகாமின் பிழை என்று சொல்ல மாட்டேன். எங்கள் கூடார வரைபடத்தின் பிழை.

கையிலிருந்தே செய்யக்கூடியவை சில உண்டு. முன்பெருக்கியை அணைத்துவிட வேண்டும். 40 மீட்டரிலும் அதைவிடக் குறைந்த அதிர்வெண்களிலும் அது தேவையே இல்லை. உள்வாங்கும் திறனை மாற்றும் ஆர்எஃப் கெயின் குமிழைக் குறைக்கலாம்; 20 டெசிபல் குறைப்பானைப் போடலாம். ‘ஐபி பிளஸ்’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். அது வலுவான அலைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் போலி ஒலிகளைத் தணிக்குமே தவிர, நிரம்பிய எண்மாற்றியை மீட்காது. உண்மையான தீர்வு கருவிக்கு வெளியே இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஆன்டெனாக்களை முனைக்கு முனை ஒரே கோட்டில் வருமாறு மாற்றினோம். நடுவில் கேபிள் பிணைத்த நேர்க்கம்பி ஆன்டெனாவான டைபோல், தன் முனைகளின் திசையில் மிகக் குறைவாகவே அலையை விடும், மிகக் குறைவாகவே வாங்கும்; 40 மீட்டருக்கான சுமார் 20 மீட்டர் நீளக் கம்பியும், 20 மீட்டருக்கான 10 மீட்டர் நீளக் கம்பியும் ஒன்றை ஒன்று பார்க்காதபடி வால்களை நீட்டிக்கொண்டு கிடந்தன. இடைவெளியையும் அறுபது மீட்டராக்கினோம். பாதித் தொல்லை அன்றே போயிற்று.

மீதிப் பாதிக்கு, கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வைக்கும் ஒற்றை பேண்ட் வடிகட்டிகள் வேண்டும். கேட்கும் கருவிக்கு மட்டும் வைத்தால் போதாது. ஒலிபரப்பும் பக்கத்திலும் இருக்க வேண்டும். 7.030-இல் அனுப்பும் மோர்ஸின் இரட்டிப்பு 14.060-இல் வந்து விழும், மும்மடங்கு 21.090-இல் விழும், கேட்கிறவருடைய வடிகட்டியால் அவற்றைத் தடுக்க இயலாது, ஏனென்றால் அவை அவர் கேட்க விரும்பும் பேண்டிலேயே இருக்கின்றன. வடிகட்டி வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆன்டெனாவின் பொருத்தக் கேட்டைச் சரிக்கட்ட கருவிக்குள்ளிருக்கும் ட்யூனரை அணைத்துவிட்டு, ஆன்டெனாவையே சரியான நீளத்துக்கு வெட்டிப் பொருத்தம் பார்க்க வேண்டும். ட்யூனரைக் கொண்டு சமாளித்தால் வடிகட்டி தவறான மின்தடையைச் சந்தித்துச் சூடாகும், தடுக்க வேண்டியதையும் ஒழுங்காகத் தடுக்காது. உள்ளே இருக்கும் ட்யூனரே பெரிய சமர்த்தும் அன்று. 3:1 வரையிலான பொருத்தக் கேட்டைத்தான் அது சரிசெய்யும். அவசர முறையில் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் 50 வாட்டுக்குள் இருந்தாக வேண்டும். ஏதோ ஒரு கம்பியை மரத்தில் வீசிவிட்டுப் பேசிவிடலாம் என்று நினைப்பவர் வெளி ட்யூனருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இக்கருவியின் மீது எனக்குப் புகார் இல்லை, என் மீதே கொஞ்சம் உண்டு. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ 1 ஆம்பியர் எடுக்கும். முழு வலுவில் ஒலிபரப்பினால் 21 ஆம்பியர் வரை போகும். குரலில் பேசும்போது அந்த உச்சம் எழுத்துக்கு எழுத்து வந்து போவதால் சராசரியாக 9 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டேன். நான்கில் ஒரு பங்கு நேரம் பேச்சு, மீதி கேட்டல் என்றால் சராசரி 3 ஆம்பியர். 24 மணி நேரத்துக்கு 72 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று தாராளமாகப் போதும், போதவும் செய்தது. பகலில் அதற்குச் சூரியத்தகடு ஒன்றையும் இணைத்துவிட்டால் மாற்று மின்சாரத்துக்கான 100 புள்ளிகளுக்கும் வழி பிறக்கிறது. சூரிய ஒளியில் ஏறிய மின்சாரத்தில் ஐந்து தொடர்புகள் செய்தால் போதும்.

கணக்குத் தவறியது கம்பியில். பேட்டரியிலிருந்து கருவிக்கு மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு கேபிளை இணையக் கடை ஒன்றில் மலிவாக வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். தொட்டுப் பார்த்தால் விரல் தடிமன். அதை வாங்கிய ஆண்டு தொடக்க அழைப்பில் நண்பர் “ஃபீல்டு” என்று அழுத்திச் சொன்னதும் திரை அணைந்துபோயிற்று. மறுபடி உயிர்பெற்று ஐகாமின் பெயரைக் காட்டி எழுந்து உட்கார்ந்தது. மறுபடி “ஃபீல்டு”, மறுபடி இருட்டு. மெதுவாகச் சொன்னால் ஓடியது, உரக்கச் சொன்னால் படுத்தது. கேபிளை வெட்டிப் பார்த்தபோது தடித்த உறைக்குள் செம்பு பூசிய அலுமினியம் மெலிந்து கிடந்தது. இக்கருவி 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் வரை, அதாவது 11.7 வோல்ட் வரை குறைந்தாலும் தாங்கும். நல்ல செம்பிலேயே, அமெரிக்கக் கம்பி அளவில் 14-ஆம் எண் கம்பியில், போக மூன்றும் வர மூன்றுமாக ஆறு மீட்டருக்கு, 20 ஆம்பியர் பாயும்போது ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 13 வோல்ட்டில் நிற்கும் பேட்டரி கருவியின் வாசலில் 12 ஆகிவிடும். அலுமினியத்துக்கு அதுவும் இல்லை. அதைவிடத் தடித்த 10-ஆம் எண் செம்புக் கம்பியில் அதே தூரத்துக்கு இழப்பு 0.4 வோல்ட்தான். அன்று எங்களைக் காப்பாற்றியது கருவியோடு பெட்டியிலேயே வந்திருந்த கேபிள்; பேட்டரியை மேசைக்கு அடியிலேயே இழுத்து வைத்துக்கொண்டோம். காலுக்கு இடைஞ்சல், கருவிக்கு ஆரோக்கியம்.

கணினியோடு இணைப்பது எளிது. ஒரே யூஎஸ்பி கேபிளில் கட்டுப்பாடும் ஒலியும் போய்விடுவதால், முன்பெல்லாம் நாங்கள் கொண்டுபோன இடைமுகப் பெட்டிகளும் அவற்றுக்கான கம்பிக் காடும் இப்போது இல்லை. பதிவு மென்பொருளில் அதிர்வெண் தானாகவே ஏறிவிடுகிறது. 15 மீட்டரில் ஒலிபரப்பும்போது மடிக்கணினி உறைந்துபோன நாள் ஒன்று உண்டு. யூஎஸ்பி கேபிளின் இரு முனையிலும், ரேடியோ அலை அதில் ஏறாமல் தடுக்கும் ஃபெரைட் வளையத்தை மாட்டிய பிறகு அது திரும்ப வரவில்லை. இரவில், கணினிகள் குறுஞ்செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் டிஜிட்டல் முறையான எஃப்டி8 ஓட்டுகிறவர்கள் மடிக்கணினியின் கடிகாரத்தை மறந்துவிடக் கூடாது. பதினைந்து நொடிக்கு ஒருமுறை முறைமாறிப் பேசும் வகையில், கடிகாரம் ஓரிரு நொடி பிசகினாலே யாரும் பதில் தர மாட்டார்கள். பூங்காவில் இணையம் இல்லை, கருவிக்குள் ஜிபிஎஸ்ஸும் இல்லை. சிறிய ஜிபிஎஸ் குச்சி ஒன்றை மடிக்கணினியில் செருகிக்கொள்கிறோம்.

சில்லறைக் குறைகள் சில. நேர் வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது. கூடாரத்தின் மேற்குப் பக்கத்துக்கு ஒரு போர்வையாவது வேண்டும். ஆன்டெனா இணைப்பு ஒன்றே ஒன்று, எனவே பேண்ட் மாறினால் பின்பக்கம் கைவிட்டுக் கழற்றி மாட்ட வேண்டும்; இருட்டில் அது ஒரு தவம். 4.2 கிலோ எடை தூக்குவதற்குப் பரவாயில்லை, மலையேற்றத்துக்கு ஆகாது.

5 வாட் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரியில் 5 வாட்டுக்குள் இயங்கினால் புள்ளிகள் இரண்டுக்குப் பதிலாக ஐந்தால் பெருக்கப்படும் என்பதால், ஒவ்வொரு ஏப்ரல் கூட்டத்திலும் எங்கள் சங்கத்தில் இது ஒரு பட்டிமன்றமாகவே நடக்கிறது. 7300-ஐ 2 வாட் வரை இறக்கிக்கொள்ளலாம். கே3-காரர் மோர்ஸில் 5 வாட்டை வைத்துக்கொண்டு பாதி அமெரிக்காவைப் பிடித்துவிடுவார். அவருக்கு அந்தக் கணக்கு சரி. கோட்டா கூடாரத்தில் மைக்கைப் பிடித்து நடுங்கும் பிள்ளை ஐந்து முறை அழைத்தும் யாரும் கேட்கவில்லை என்றால் ஆறாவது முறை அழைக்காது. அதனால் நான் 100 வாட் கட்சி. இதுவரை தோற்றதில்லை.

வாங்கலாமா என்றால், சங்கத்துக்கு ஒன்று வாங்குவதாக இருந்தால் இதையே வாங்கச் சொல்வேன். இங்கே புதிதாக ஆயிரம் டாலரை ஒட்டிய விலைக்கு விற்றுவந்தவற்றுள் இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கும் 100 வாட் கருவியை நான் பயன்படுத்தியதில்லை. 2025-இல் ஐகாம் ‘மார்க் 2’ என்ற புதிய பதிப்பை அறிவித்துவிட்டது. திரையை வெளியே பெரிதாகக் காட்டும் வசதி அதில் இருப்பது கோட்டா கூடாரத்துக்கு ஆசை காட்டுகிறது. இருந்தாலும் பலர் பழையதை விற்கத் தொடங்குவார்கள் என்பதால் எங்களைப் போன்ற சிறு சங்கங்களுக்கு ஏற்கெனவே பயன்படுத்திய நல்ல கருவி கிடைக்கும் காலமும் இதுதான். மூன்று நான்கு நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இயங்கும் இடத்தில், வடிகட்டி வாங்கப் பணமே இல்லை என்றால், குறுகிய முன்வடிகட்டி உள்ள யாயெசு நிறுவனத்தின் எஃப்டிடிஎக்ஸ்10 போன்றதைப் பார்ப்பது மேல்.

அடுத்த ஆண்டு “த்ரீ ஆல்ஃபா” ஆகிவிடுவோம், மூன்றாவதாகவும் ஒரு 7300 வாங்குவோம் என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நான் எதிர்த்தேன். ஒலிபரப்பி ஒன்று கூடினால் ஓவிஎஃப் எரியும் திரைகளும் கூடும். அந்தப் பணத்தில் இருக்கிற இரண்டுக்கும் ஆறு பேண்ட் வடிகட்டிகளை முழுதாக வாங்குவோம் என்றேன். கே3-காரர் ஹெட்ஃபோன் இல்லாமல் வந்திருந்தார். என் பக்கம் கையைத் தூக்கினார். ஒரே வாக்கில் தோற்றோம். மூன்றாவது கருவி வந்து சேர்ந்துவிட்டது, பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. நேற்று நான் பூங்காவுக்குப் போய், அளக்கும் நாடாவை வைத்துக்கொண்டு மரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஏரிக்கரையில் இருக்கும் கடைசி ஓக் மரம் வரை போனால் மூன்று டைபோல்களை முனைக்கு முனை நிறுத்த முடியும், ஆனால் கருவியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் எண்பது மீட்டர் கூடுதலாக வேண்டும்.